இரவல் காது

வரலட்சுமியின் நெஞ்சில் ஒரு டாக்டர் குழாய் வைத்துப் பார்க்க வேண்டும். லோகநாதன் அந்த ஆஸ்பத்திரியிடம் கேட்டது இவ்வளவுதான். இதற்காக அவன் அறுபத்தொரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காதால் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லோகநாதனுக்கு வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. வேலை திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவன் அறுபது அடி உயரத்தில் உட்கார்ந்திருப்பான். கீழே நடப்பது அவனுக்குத் தெரியாது. லோகநாதன் கையில் இருக்கும் வாக்கி டாக்கிதான் அவனுக்குக் கண். அந்த யார்டில் ஒரு சட்டம் உண்டு. வந்த உத்தரவை வந்தபடியே திருப்பிச் சொல்லி, கடைசியில் 'ஓவர்' என்று முடிக்க வேண்டும். திருப்பிச் சொல்லாத உத்தரவு உத்தரவே இல்லை, கிரேன் அசையாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வரலட்சுமி "அரைக் கிலோ தக்காளி வாங்கியா" என்றால் "அரைக் கிலோ தக்காளி, ஓவர்" என்பான்.

வரலட்சுமி காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். தை மாதம் ஆரம்பித்த இருமல் நிற்கவில்லை. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் டாக்டருக்கு ஒரே ஒரு பரீட்சைதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஆளிடம் மாடிப்படியில் நிற்கும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "குழா வெச்சிப் பாத்தாரா?" என்பதுதான். வைத்திருந்தால் பாதி நோய் போன மாதிரி. வைக்கவில்லை என்றால் அவர் பத்து ஸ்கேன் எழுதியிருந்தாலும் டாக்டர் கணக்கில் சேரமாட்டார்.

கல்மண்டபம் தாண்டி, மீன் லாரிகள் திரும்பும் முனையில் இருக்கிறது வடகரைப் பொது மருத்துவமனை. லோகநாதன் மனைவியை அங்கே அழைத்துப் போனான். வாசலில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. 'உலக மருத்துவ ஆய்விதழ்கள் இப்போது ஒலி வடிவில்! எங்கள் மருத்துவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் பேசாதீர்கள்.'

பதினான்காம் அறையில் டாக்டர் ஜெஸ்வின் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, சாந்தமான முகம். இரண்டு காதிலும் வெள்ளை இயர்போன். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் சும்மா தொங்கியது.

"மூச்சு வுட்டா விசிலடிக்கிது டாக்டரு. மாடி ஏற முடியல" என்றாள் வரலட்சுமி.

டாக்டர் அன்பாகச் சிரித்தார். அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் தன் நெஞ்சில் விரலை வைத்து, கீழிருந்து தொண்டை வரை இழுத்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். மூச்சு மேலே ஏறுகிறதா என்று கேட்கிறார் என நினைத்து அவள் பலமாகத் தலையாட்டினாள். நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் டானிக் எழுதிக் கொடுத்தார். நடுவில் மேஜை மேல் இருந்த போன் பெண் குரலில் "கேட்கிறீர்களா?" என்றது. அவர் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சிஸ்டர், குழாவே வெக்கல?" என்று லோகநாதன் வெளியே நின்ற நர்ஸ் பெர்சிஸிடம் கேட்டான்.

"எங்கண்ணே வைக்க? மனுசனுக்கு இருக்கது ரெண்டு காது. ரெண்டுலயும் ஆய்விதழ் ஓடுது" என்றாள் பெர்சிஸ். நாசரேத் பக்கத்துப் பெண். எரிச்சலைக்கூட நிதானமாகச் சொல்வாள்.

மருத்துவச் செவிக்கல்வி வாரியம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒவ்வொரு டாக்டரும் அறுபது மணி நேரம் ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்டு முடிக்க வேண்டும். வீட்டில் கேட்டால் பாதி மதிப்பெண். நோயாளி எதிரில் இருக்கும்போது கேட்டால் முழு மதிப்பெண், ஏனென்றால் அது 'பணியோடு இணைந்த கல்வி'. எல்லாரும் முடித்தால் மருத்துவமனைக்குப் பொற்செவி விருது. மூன்று முறை "கேட்கிறீர்களா?" என்று கேட்டும் பொத்தானை அழுத்தாவிட்டால் அதுவரை சேர்ந்த மணி நேரமெல்லாம் அழிந்துவிடும்.

ஒரு வாரம் டானிக் குடித்தும் விசில் கூடியதே தவிரக் குறையவில்லை. மறுபடி போனார்கள். அதற்குள் டாக்டர்கள் சில சோதனைகள் செய்து பார்த்திருந்தார்கள். இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தால் வாரியத்துக்குத் தெரிந்துவிடும். அது உடல் சூட்டை அறியும் ஜாதி. எலும்பு டாக்டர் அதைச் சுடச்சுட இட்லிக்கு நடுவே செருகிவிட்டு ஒரு கால்கட்டு போடப் போனார். 'மருத்துவருக்கு அபாயகரமான காய்ச்சல்' என்று அவர் வீட்டுக்குத் தகவல் பறந்து, அவருடைய அம்மா கொருக்குப்பேட்டையிலிருந்து அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினார். இத்தனைக்கும் பிறகுதான் தோல் டாக்டர் அந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். கருவிக்குத் தேவை உயிருள்ள ஒரு காது. அது டாக்டருடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

டாக்டர் ஜெஸ்வின் நல்லவர். அன்றைக்கு அவர் இயர்போனைக் கழற்றி, முதல்முறையாகப் பேசினார்.

"உங்களுக்குக் காது நல்லா கேக்குமா?"

"கிரேன் மேல கீறவன் மொணமொணத்தாலும் கேக்கும் சார்."

"ஒரு அரை மணி நேரம் இரவல் குடுங்க. கேக்குறீங்களான்னு கேட்டா 'ஆம்' அழுத்துங்க. அதுக்குள்ள இவங்கள நல்லா பாத்துடறேன்."

லோகநாதன் இயர்போனை மாட்டி, போனைக் கையில் வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். வாரியம் கட்டுரைகளைத் தமிழாக்கித்தான் தந்திருந்தது. ஆக்கியதும் இயந்திரம், வாசித்ததும் இயந்திரம். "நெடுநாள் சுவாசத் தடையுற்ற நானூற்றுப் பன்னிரண்டு எலிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன" என்றது குரல்.

காதில் ஒன்று விழுந்தால் வாய் சும்மா இருக்குமா?

"நானூத்திப் பன்னெண்டு எலி, ரெண்டு குரூப்பு, ஓவர்" என்றான் லோகநாதன், யார்டில் சொல்லும் அதே சத்தத்தில்.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"முதற்குழுவுக்கு மருந்தும் இரண்டாம் குழுவுக்கு மருந்துபோல் தோன்றும் வெறும் மாவும் அளிக்கப்பட்டன."

"மொத குரூப்புக்கு மருந்து, ரெண்டாவது குரூப்புக்கு டுபாக்கூரு, ஓவர்."

பக்கத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த புளியந்தோப்பு பவுனம்மாள், தன் கையிலிருந்த மாத்திரையைப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப நம்மள்லாம் எந்த குரூப்பு நைனா?" என்று கேட்டாள்.

உள்ளே ஜெஸ்வின் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, "நல்லா இழுத்து விடுங்கம்மா" என்று சொல்லும்போது ஆஸ்பத்திரியின் முதல்வர் வந்துவிட்டார். முதல்வர் டாக்டர் ஆறுமுகநயினார், வெள்ளை முழுக்கை, சந்தனப் பொட்டு. ஜெஸ்வின் காதில் இயர்போன் இல்லாததைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"தம்பி, பணி நேரத்தில் வெறும் காதோடு இருக்கிறீர்களே?"

"இவங்க நெஞ்சுல ஏதோ சத்தம் சார்..."

"நெஞ்சு இன்றைக்கும் சத்தம் போடும், நாளைக்கும் போடும். ஆய்விதழ் மார்ச்சோடு முடிந்துவிடும். எது அவசரம்?"

வராந்தாவில் "எலியெல்லாம் எடை கொறஞ்சிட்ச்சி, ஓவர்" என்று குரல் கேட்டது. முதல்வர் எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ லோகநாதனின் காதைக் குனிந்து ஆராய்ந்து, மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"நோயாளிகளைச் சுமையாகவே பார்த்துவிட்டோம். ஒவ்வொருவரிடமும் இரண்டு காது இருக்கிறதே! இவர் ஒரு கட்டுரையைக் கேட்கட்டும். ஜெஸ்வின், நீங்கள் அதே நேரத்தில் இன்னொன்றைக் கேளுங்கள். மருத்துவமனையின் செவித்திறன் இரட்டிப்பாகும்."

ஜெஸ்வினுக்குப் புது இயர்போன் வந்தது. ஸ்டெதஸ்கோப் மறுபடி கழுத்துக்குப் போனது. வரலட்சுமி இழுத்த மூச்சை விட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். ரோஸ் டானிக் இன்னொரு பாட்டில் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் டோக்கன் முறையே மாறியிருந்தது. வயிற்றுவலி, கால்வலி வரிசைகள் போய், நற்செவி, நடுச்செவி, மந்தம் என்று மூன்று வரிசைகள். எந்த நோயோடு வந்தாலும் முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அழுக்கெடுத்து, தகுதிச் சான்று வாங்க வேண்டும். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் சம்மட்டி அடித்துச் செவிடான பிலால் பாய் நெஞ்சுவலி என்று வந்தார். 'மந்தம்' என்று முத்திரை குத்தி, உங்களைப் பார்க்க இயலாது என்று கவுண்டரில் சொன்னார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. ஒன்றும் இல்லை, நல்லா இருக்கீங்க என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பவுனம்மாளுக்கு எதிர்மாறான யோகம். காய்ச்சலால் அவள் காது சூடாக இருந்ததால் கருவி அதை 'மிகுந்த ஆர்வம்' என்று பதிவு செய்தது. அவளைப் படுக்கையில் சேர்த்து, மூன்று டாக்டர்கள் முறை வைத்து அவள் காதைப் பயன்படுத்தினார்கள். காய்ச்சலை மாதக் கடைசிக்கு முன் இறக்கிவிட வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததாகப் பெர்சிஸ் சொன்னாள்.

லோகநாதனுக்கு நற்செவியில் முதலிடம். யார்டில் அரை நாள் அரை நாளாக லீவு சொல்லிவிட்டு வந்து உட்காருவான். இதை முடித்துவிட்டால் குழாய், இன்னும் ஒன்றை முடித்துவிட்டால் குழாய் என்று கட்டுரை கட்டுரையாகக் கேட்டான். சர்க்கரை, சிறுநீரகம், பன்றியின் இதயம் எல்லாம் ஓடின. அவன் திருப்பிச் சொல்லச் சொல்ல வராந்தா முழுக்க ஞானம் பரவியது. வரலட்சுமி மட்டும் நாளுக்கு நாள் இளைத்தாள். மூன்று வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினாள். படுத்தால் திணறுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

"போதும்யா... வூட்டுக்கு... பூடலாம்" என்றாள் ஒருநாள்.

"இவ்ளோ தூரம் கேட்டாச்சி லச்சுமி. நாளைக்கி வெச்சிருவாரு" என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை குறைந்துவிட்டிருந்தது. பயமாகவும் இருந்தது.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வாரியத்திலிருந்து ஆய்வாளர் டாக்டர் தாமஸ் வந்தார். கூட்ட அரங்கில் சாமியானா துணியெல்லாம் கட்டி விழா. டாக்டர்கள் எல்லோரும் காதில் இயர்போனோடு முன்வரிசையில். பின்வரிசையில் நற்செவிகள். லோகநாதன் காதில் அன்று முதல்வருடைய இயர்போனே இருந்தது. மேடையில் பேசுகிறவர் கேட்கவும் முடியாது அல்லவா? பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரலட்சுமி, மடியில் ஐந்தாவது ரோஸ் பாட்டில். காலையிலிருந்து அவள் உதடு கறுத்திருந்தது. லோகநாதன் வாசலிலேயே பெர்சிஸிடம் சொன்னான். பெர்சிஸ் முதல்வரிடம் ஓடினாள். விழா முடியட்டும் என்றார் முதல்வர்.

பிறகு பேச எழுந்தார்.

"முன்பெல்லாம் இங்கே ஒரு நோயாளி வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? 'உடம்புக்கு என்ன?' என்று கேட்பார். அவர் சொல்வார். மருத்துவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எவ்வளவு நேர விரயம்! நோயாளி சொல்வதற்கு ஆதாரம் உண்டா? மேற்கோள் உண்டா? ஒரு நோயாளியாவது தன் வயிற்றுவலியை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறாரா?"

ஆய்வாளர் தாமஸ் கைதட்டினார். டாக்டர்கள் அதைப் பார்த்துத் தட்டினார்கள். அவர்களுக்குப் பேச்சு கேட்கவில்லை.

"இந்த மூன்று மாதத்தில் ஒரு நோயாளிகூட நம் மீது புகார் சொன்னதாக எந்த மருத்துவர் காதிலும் விழவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?"

தொண்டை வறண்டு முதல்வர் தண்ணீர் குடித்தார். அரங்கம் அமைதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கட்டுரை புதுப் பகுதிக்குப் போயிருக்க வேண்டும்.

"பேஷண்டு பேச ஆரம்பிச்சி பதினெட்டாவது செகண்டுல டாக்டரு குறுக்க பூந்துடறாரு, ஓவர்."

எல்லோரும் திரும்பினார்கள். லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு, சிரத்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முழுசா பேச வுட்டா ரெண்டே நிமிசத்துல சொல்லி முட்ச்சிடறாங்கோ, ஓவர். நெஞ்ச சோதிச்சிப் பாக்காத டாக்டருங்கோ நாலு பேர்ல ஒர்த்தருக்கு வேற நோவுக்கு மருந்து எழுதறாங்கோ..."

இந்த முறை 'ஓவர்' வரவில்லை. கண்ணைத் திறந்து மனைவி மடியிலிருந்த ரோஸ் பாட்டிலைப் பார்த்தான். அறுபத்தொரு கட்டுரையில் அவனுக்கு முழுசாகப் புரிந்தது இது ஒன்றுதான். இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான்.

ஆய்வாளர் தாமஸுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "அற்புதம்! கேட்டதை உடனே எளிய நடையில் தருகிறாரே! யார் இந்த டாக்டர்?"

முதல்வர் ஒரு கணம் தடுமாறினார். "நம்முடைய... கௌரவச் செவி, ஐயா."

"டாக்டர், உங்கள் கருத்தை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள்" என்று மைக்கைக் கொடுக்கச் சொன்னார் தாமஸ்.

லோகநாதன் மைக்கை வாக்கி டாக்கி மாதிரி வாயருகில் பிடித்தான். "அவ நெஞ்சுல குழா வையிங்க சார். அஞ்சு வாரமா கேட்டுகினு கீறேன். எலிக்கி வெக்கிறீங்கோ, பன்னிக்கி வெக்கிறீங்கோ. அவ மனுசி சார். வெச்சிப் பாருங்க."

தாமஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மிக ஆழமான கருத்து. நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது. இதைப் பதினைந்து பக்கக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள், டாக்டர். ஒலிப்பதிவு செய்து, எல்லா மருத்துவர்களும் கட்டாயம் கேட்கும்படி செய்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. அதன் நடுவில் வரலட்சுமி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள்.

முன்வரிசையில் ஒரே ஒருவர் எழுந்தார். ஜெஸ்வின் இரண்டு இயர்போனையும் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, தரையில் மண்டியிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். அவள் முதுகில் வைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்கிறீர்களா?" என்றது பையிலிருந்த போன்.

அவர் குழாயை வலப்பக்கம் நகர்த்தி, திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்தார்.

"கேட்கிறீர்களா?"

"ஜெஸ்வின், பொத்தான்! பொத்தானை அழுத்துங்கள்!" என்று மேடையிலிருந்து முதல்வர் கத்தினார்.

"கேட்கிறீர்களா?" மூன்றாவது முறை. பிறகு, "நீங்கள் கேட்கவில்லை. உங்கள் ஐம்பத்தெட்டு மணி நேரம் நீக்கப்படுகிறது" என்றது.

ஜெஸ்வின் கண்ணைத் திறந்தார். "இடது பக்கம் கீழே காத்தே போகல. நுரையீரலச் சுத்தி தண்ணி கோத்திருக்கு. சிஸ்டர், ஆக்ஸிஜன்!" லோகநாதனைப் பார்த்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "வயித்துக்கு மருந்து குடுத்துட்டேங்க. நான்தான் குடுத்தேன்."

பெர்சிஸ் ஸ்ட்ரெச்சரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. மேடையோரம் பூ அலங்காரத்தோடு பொற்செவி விருதை வைத்திருந்த தள்ளுவண்டியை இழுத்தாள். விருதைத் தூக்கித் தரையில் வைத்தாள். சாமந்திப்பூ உதிர உதிர வரலட்சுமியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை வரலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேசினாள். "இன்னாய்யா அப்டி பாத்துகினு கீறே, துணியெல்லாம் எட்த்து வெய்யி, வூட்டுக்குப் போலாம்" என்றாள். லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "துணி எட்த்து வெக்கணும், ஓவர்" என்றான்.

வாசலில் ஆளுயரத்துக்குப் பொற்செவிச் சிலை ஒன்று நிறுவியிருந்தார்கள். ஜெஸ்வினின் மணி நேரம் போனாலும் பவுனம்மாளின் காய்ச்சல் 'மிகுந்த ஆர்வ'த்துக்கான கூடுதல் மணி நேரத்தைச் சேர்த்து அதை ஈடுகட்ட, விருது வந்துவிட்டது.

கிளம்பும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து குமாஸ்தா ஒருவர் தாளோடு வந்தார். பின்னால் ஜெஸ்வினும் பெர்சிஸும் நின்றார்கள்.

"டாக்டருக்கு மெமோ. உங்க கையெழுத்தும் வேணும். சம்பந்தப்பட்ட காதின் உரிமையாளர் இதைக் கேட்டு ஒப்புக்கொள்ளணும்னு விதி" என்று சொல்லிவிட்டு வாசித்தார். "மருத்துவர் ஜெஸ்வின், பணி நேரத்தில், ஆய்வாளர் முன்னிலையில், நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி செவிக்கல்வியைக் கைவிட்டு, நோயாளி ஒருவரின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தது கடமை தவறிய செயலாகும். அவர் ஏன் இடைநீக்கம் செய்யப்படக் கூடாது?"

பெர்சிஸ் லோகநாதனைப் பார்த்தாள். எல்லோரும் அவன் வாயைத்தான் பார்த்தார்கள். ஐந்து வாரமாக அந்த வராந்தாவில் அவன் திருப்பிச் சொல்லாத வாக்கியம் கிடையாது.

லோகநாதன் பேசவில்லை.

"கேட்டீங்களா?" என்றார் குமாஸ்தா.

"இல்லியே."

குமாஸ்தா சத்தமாக மறுபடி வாசித்தார். நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தது என்ற இடத்தில் அவருக்கே கொஞ்சம் நாக்குக் குழறியது.

"இப்ப?"

"கேக்கல சார்."

மூன்றாவது முறை அவர் காதருகில் வந்து கத்தினார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லோகநாதன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தான்.

"கேக்கல," என்றான். "ஓவர்."